முப்பது பெட்டி, நாலு மணி நேரம்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் எங்கள் வீடு முழுக்கக் கோந்து வாசனைதான். நேற்று மகள் நோட்டுகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே கேட்டாள்: "அம்மா, ஒரு வேலைய ஏ ஆறு மணி நேரத்துல முடிப்பாரு, பி பன்னெண்டு மணி நேரத்துல. ரெண்டு பேரும் சேர்ந்தா?"

"நாலு" என்றேன், பேனாவைத் தொடாமலே. அசந்துபோனாள். என்னைப் பெரிய மேதை என்று நினைத்திருப்பாள், பாவம். எனக்கு மறக்காத கணக்கு அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. பன்னிரண்டாவது முடித்த கையோடு, பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரின் மேட்டுப்பாளையத்தில் ஒரு கூந்தல் எண்ணெய்க் கம்பெனியில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். கருவடிக்குப்பத்திலிருந்து சைக்கிள். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். மல்லிகை எண்ணெயும் கோந்தும் கையை விட்டுப் போகவே போகாது. மத்தியானம் தயிர்சாதம்கூட மல்லிகைப்பூவாக மணக்கும்.

ஒரே மேசையில் எதிரெதிரே நானும் கலாவும். கலா பேசவே மாட்டாள். அவள் பங்கையும் சேர்த்து நான் பேசுவேன். அவரவர் அடுக்கிய பெட்டி அவரவர் பக்கம் இருக்கும்.

சூப்பர்வைசரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் எங்களுக்கெல்லாம் இவர் முசியே, பிரெஞ்சில் 'சார்'. ஒருநாள் வந்து, "முப்பது பெட்டி நாலு மணி நேரத்துல முடியுதே, யாரு எவ்ளோ?" என்றார். போதாதா எனக்கு? அட்டை மூடியில் கணக்கே போட்டுக் காட்டினேன்.

"நான் இருபது, கலா பத்து. தனியா செஞ்சா முப்பதுக்கும் எனக்கு ஆறு மணி நேரம், அவளுக்குப் பன்னெண்டு. சேர்ந்தா நாலு. கரெக்டா வருது பாருங்க முசியே!"

கலா தலைநிமிராமல் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

சாயந்திரம் முசியே சொன்னார்: "ஆர்டர் கம்மி. ஒரு ஆள் போதும். கலா, நாளையிலேருந்து வரவேணாம்."

அப்போது பார்த்து நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டாத நேரத்தில் மட்டும் திறக்கிற வாய் அது.

மறுநாள் தனியாக உட்கார்ந்தேன். நாலு மணி நேரம் கழித்து எண்ணினால் பத்துப் பெட்டி. மேசைக்கடியில்கூடக் குனிந்து பார்த்தேன். பத்துதான். பேசக்கூட ஆளில்லை, அப்படியும் பத்து! அப்புறம்தான் உறைத்தது. நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்போதெல்லாம் கலா ஒட்டி முடித்த பாட்டில்களை என் பக்கம் தள்ளியிருக்கிறாள். நானும் அதை என்னுடையது என்றே அடுக்கி, எண்ணி, கணக்கும் போட்டிருக்கிறேன். சீ என்று இருந்தது.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவளுடையது போனது போனதுதான். முசியே முன்னால் போய் நின்றேன்.

"கணக்கு சரிதான் முசியே. ஆளுதான் மாறிப்போச்சு."

"அப்போ அந்தப் பன்னெண்டு நீயா?"

"ஆமா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "நாளைக்கு அவ வரட்டும். நீ வரவேணாம்" என்றார்.

கலா வீட்டுக்கு ஓடினேன். "ஏண்டி தள்ளுன?" என்று கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

"உன்ன நிறுத்திட்டா, யாரு பேசறத கேட்டுக்கினு நான் ஒட்டறது?" என்றாள்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு முசியே முன்னால் நின்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு நீளப் பேச்சு நான் கேட்டதே இல்லை: "அவளும் வந்தா நாலு மணி நேரம். நான் மட்டும்னா தூக்கந்தான் வரும் முசியே. எவ்ளோ நேரம் ஆவும்னு எனக்கே தெரியாது."

இருவரும் இருந்தோம், கம்பெனியை மூடும்வரை. அந்த ஷெட் இப்போது யாருடைய குடோனோ. கலா கல்யாணமாகிக் கடலூர்ப் பக்கம் போனாள், நம்பரும் மாறிவிட்டது. மகள் நாலு என்று எழுதி நோட்டை மூடிவிட்டாள். நான் இன்னமும் ஓயாமல்தான் பேசுகிறேன், ஆபீசிலும் வீட்டிலும். என் பக்கம் பாட்டில் தள்ளத்தான் யாருமில்லை.