ஒரு மார்க்குக்கான ஓட்டை

ஆபீசில் அவளுக்கு ஓட்டைக்காரி என்று பெயர். வேலையே அட்டையில் ஓட்டை போடுவதுதான் என்பதால் அவளும் கோபித்துக்கொண்டதில்லை. பதினோரு வருடமாகத் தாளைப் பார்த்து விசையைத் தட்டினாள்; தட்டும் ஒவ்வொரு எண்ணும் அட்டையில் ஒரு சின்ன ஓட்டையாக விழும். அந்த அட்டைகளைத் தின்பது பக்கத்துக் கூடத்தில் இருந்த கம்ப்யூட்டர். ஏழெட்டு பீரோக்களை வரிசையாக நிறுத்திவைத்தது போல இருக்கும். மனிதர்கள் வேர்த்து வடிய, அதற்கு மட்டும் ஏ.சி.! மாப்பிள்ளை கெட்டார், அப்படி ஓர் உபசாரம். மக்கள்தொகையை எண்ணத்தான் அதை வாங்கினார்கள். எண்ணி முடித்ததும், சும்மாதானே நிற்கிறது என்று பள்ளி இறுதிப் பரீட்சை மார்க்குகளையும் அதன் தலையில் கட்டினார்கள்.

ஒருத்தி அடித்தால் மட்டும் போதாது. சரிபார்ப்பவள் அந்த அட்டையை வேறோர் இயந்திரத்தில் வைத்து, அதே தாளைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். மூன்று தடவை எரிந்தால் அட்டையின் விளிம்பில் ஒரு வெட்டு விழும்; அது நேரே சூப்பர்வைசர் மேசைக்குப் போகும்.

சரிபார்ப்பவள் யார் என்கிறீர்கள்? ஓட்டைக்காரியின் நாத்தனாரேதான்! பட்டப்பெயர் சி.ஐ.டி. ஒரு தப்பைக்கூட அவள் விட்டுவைத்ததில்லை. வீட்டைப் பாகம் பிரித்ததில் மனஸ்தாபமாகி, மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த வருடம் ஓட்டைக்காரியின் மகள் பரீட்சை எழுதியிருந்தாள். ஒரு மத்தியானம் அவளுடைய பரீட்சை எண் இருந்த மார்க் தாளே அம்மாவின் கைக்கு வந்து சேர்ந்தது. கணக்கில் முப்பத்து நாலு. பாஸாக முப்பத்தைந்து வேண்டும். பாழாய்ப்போன ஒரு மார்க்! ஒரு முழு வருடம் வீணாகும். நாலுக்குப் பக்கத்து விசைதான் ஐந்து. விரல் அதன் மேல் போய் நின்றது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நாத்தனாரின் முதுகைப் பார்த்தாள். நாலையே அடித்தாள்.

அரை மணி கழித்து முன் வரிசையில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் எரிந்தது. மூன்றாவது தடவையும் எரிந்தது.

வெட்டு விழுந்த அட்டையை சூப்பர்வைசர் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "அட்டை சரியாத்தானே இருக்கு. நீங்க என்னம்மா அடிச்சீங்க?"

"அஞ்சு சார். கண்ணு சரியாத் தெரியல," என்றாள் சி.ஐ.டி.

அவர் முறைத்துவிட்டு மெமோ எழுதினார். சி.ஐ.டி. வாங்கிய முதல் மெமோ அது.

கை கழுவும் இடத்தில் ஓட்டைக்காரி அவளை மடக்கினாள். "உனக்கென்ன பைத்தியமா?"

"நம்ம பாப்பா நம்பர் எனக்குத் தெரியாதா அண்ணி? நீங்க எப்படியும் அஞ்சுதான் அடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். நான் நாலு அடிச்சா நீங்க மாட்டிக்குவீங்களே."

"மொதல் தடவையே வெளக்கு எரிஞ்சுதேடி!"

"மெஷின் கோளாறுன்னு நெனச்சேன். பெத்தவ நாலு அடிப்பாளா?"

ஓட்டைக்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை.

"நீ காட்டிக் குடுத்துருவேன்னு பயந்துதான்டி நாலு அடிச்சேன்," என்றாள்.