அக்காவின் பூ ஏறி இறங்கிய கோடு

1. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அக்காவின் இடது கால் சூம்பியது. இரும்புக் கம்பியும் தோல்வாரும் கொண்ட காலிப்பர்தான் அதை நிமிர்த்தி நிறுத்துகிறது. முட்டி மடங்காது.

2. எண்பதுகளின் நடுவில் அவளுக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்யும் வேலைதான். ஆனால் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்க வேண்டும்.

3. ஒரே மாதத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இடது கால் அல்ல, வலது. நல்ல கால்.

4. காலிப்பரை இரண்டு முறை சரிசெய்தோம். வலி போகவில்லை. "மாசக் கடைசியில வேலய விட்டுடப் போறேன்" என்றாள்.

5. அதற்குள் சித்தி மகளின் கல்யாணம் நடந்தது. வீடியோ எடுத்தார்கள்.

அந்த கேசட்டைப் பார்க்க, நாங்கள் குடியிருந்த சாரம் பகுதியிலேயே பக்கத்து வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டு மாமா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அங்கிருந்து கொண்டுவந்த அவர் டிவிக்குக் கலர் முறை வேறு என்பதால், நம் ஊர் கேசட் அதில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும். மணப்பெண்ணின் பட்டு என்ன நிறம் என்று எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். தாம்பாளத்தோடு மண்டபத்தின் குறுக்கே நடந்துபோகிறாள். பதினான்கு எட்டு வைக்கிறாள். யாரோ படமெடுப்பது அவளுக்குத் தெரியாது.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். மறுநாள் நோட்டுக்கு அட்டை போடும் கண்ணாடித் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். தாளை டிவி மேல் ஒட்டி, படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன்.

"என்னாம்மா, டிவில கோலம் போடுறியா?" என்றார் மாமா.

முதல் சிக்கல் சேலை. முட்டி, கணுக்கால் எதுவும் தெரியவில்லை. மண்டப வாசலில் வாழையிலை மென்றபடி நடந்த மாட்டின் நாலு காலையும் சுலபமாகக் குறிக்க முடிந்தது. மாடு சேலை கட்டவில்லை. அக்காவிடம் தெளிவாகத் தெரிந்தது தலையில் இருந்த மல்லிகைதான். கறுப்பு வெள்ளையில் அது பளிச்சென்று ஒரு புள்ளி.

இரண்டாவது சிக்கல் கேமரா. அதுவும் அக்காவோடு சேர்ந்து நகர்ந்தது, ஆடியது. அதனால் ஒவ்வொரு முறையும் சுவரில் இருந்த பெயின்ட் கோட்டைத் தாளில் உள்ள கோட்டோடு பொருத்திவிட்டு, அப்புறம்தான் பூவைக் குறித்தேன்.

புள்ளிகளை இணைத்தபோது, இடது கால் ஊன்றும்போது கோடு பள்ளமாகும் என்று எதிர்பார்த்தேன். பெரிதாகப் பள்ளம் இல்லை. வலது காலில் நிற்கும்போதெல்லாம் மேடு. பதினான்கு எட்டில் ஏழு மேடு. அந்த இடங்களில் படத்தை நிறுத்திச் சேலைக் கரைக்குக் கீழே பார்த்தேன். வலது குதிகால் தரையில் இல்லை. மடங்காத இடது காலை முன்னே கொண்டுவர, ஒவ்வொரு தடவையும் வலது காலின் நுனிவிரலில் எம்பியிருக்கிறாள். இத்தனை வருடம் எல்லோரும் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தாளை அக்காவிடம் காட்டினேன்.

"எல்லாரும் பொண்ணப் பாக்குறாங்க, நீ என் காலப் பாத்தியாடி?"

"காலத்தான் பாக்க முடியலயே. பூவத்தான் பாத்தேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் கேட்டாள்: "எவ்ளோ எம்புறேன்?"

காலிப்பருக்குச் செருப்பு தைத்துத் தரும் பாயிடம் இருவரும் போனோம்.

"இது என்னாம்மா, கடல் அலையா?" என்றார் தாளைப் பார்த்து.

"எங்க அக்கா தல, பாய்."

வலது செருப்புக்கு அரை அங்குலம் ரப்பர் வைக்கச் சொன்னேன்; அந்த உயரம் இருந்தால் இடது காலை முன்னே கொண்டுவர அவள் எம்ப வேண்டியதில்லை. "நல்ல காலுக்கு எவனாச்சும் கட்ட வெப்பானா? குட்டையான காலுக்குத்தான வெப்பாங்க" என்றார். அக்கா செருப்பைக் கழற்றி அவர் முன் வைத்தாள். "வைங்க பாய். ஆகலன்னா நீங்களே பிச்சிடுங்க."

இப்போது நிலைமை இது. அக்கா வேலையில் நிரந்தரமாகிவிட்டாள். வலி முழுவதும் போகவில்லை. வாரத்தில் ஒரு நாள் வரும். ரப்பர்தான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல இன்னொரு கேசட் வேண்டும். அவள் கேமரா முன் நடக்க மறுக்கிறாள். நான் படித்த பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. புள்ளிகளைத் தட்டிக் கொடுத்தால் கோடு போட்டுத் தருகிறது. பூ எங்கே இருக்கிறது என்று இன்னும் நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.