யூஜினி ஊற்றிய தண்ணீர்

யூஜினி மருத்துவிச்சியின் பையில் கத்தரிக்கோலும் நூலும் டெட்டோல் போத்தலும் இருக்கும். ஒரு மூலையில், தக்கை அடைத்த சிறிய மருந்துக் குப்பியில், கோயில் தீர்த்தமும் இருக்கும். கல்முனையிலும் கல்முனைக்குடியிலும் அவள் கைபட்டுப் பிறந்த பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேல். முஸ்லிம் வீடுகளிலும் சைவ வீடுகளிலும் அந்தக் குப்பி பையை விட்டு வெளியே வராது. கிறிஸ்தவ வீட்டில் பிறந்த பிள்ளை நிற்காது என்று அவள் கண்ணுக்குப் பட்டால் மட்டும் தக்கை கழலும். சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சுவாமி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கரின் சட்டம். பதினாறு பிள்ளைகளுக்கு அவள் அப்படிக் கொடுத்திருந்தாள். பதினாறும் அன்றன்றைக்கே போய்விட்டன.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. 1951இல் அவளுடைய தலைப்பிள்ளை பிறந்து அரைமணி நேரம் மூச்சுவிட்டது. சுற்றி நின்றவர்கள் பயந்து அழுதார்கள். ஒருவருக்கும் தண்ணீர் நினைவு வரவில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை கடவுளின் முகத்தைக் காணாது என்றார் அப்போதிருந்த சுவாமி. கோயில் இடுகாடான சேமக்காலைக்குள் அடக்க விடவில்லை. அவள் புருஷன் சுவாம்பிள்ளை தச்சன். சின்னதாக ஒரு பெட்டி அடித்து, கடல் பக்கத்தில், வேலிக்கு வெளியே மணலைத் தோண்டி வைத்து மூடினான். பிறகு அவனும் செத்துப்போனான். வேறு பிள்ளை இல்லை.

எழுபத்தெட்டுச் சூறாவளி அந்த வேலியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. புது வேலி போட வந்தவர்கள் பழைய வேலி எந்த இடத்தில் நின்றது என்று கேட்டார்கள். யூஜினி கடல் பக்கமாக ஆறடி தள்ளிக் காட்டினாள். அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லி அழுதாள். புதிதாக வந்திருந்த இளம் சுவாமி மூன்று செபம் சொல்லச் சொன்னார். வேலி அங்கேயே நிற்கட்டும் என்றார்.

அதே சூறாவளி செபரட்ணம் மாஸ்டரையும் மாற்றிப்போட்டது. மெதடிஸ்ட் குடும்பம், கணக்கு வாத்தியார். கூரை சரிந்து வளைமரத்துக்குக் கீழே ஓர் இரவு முழுக்கக் கிடந்து தப்பினார். அடுத்த மாதம் கடலில் முழுகி ஞானஸ்நானம் பெற்று, கடைத்தெருவுக்குப் பின்னால் தென்னங்கிடுகுக் கொட்டிலில் கூடும் சபையில் சேர்ந்தார். குழந்தையில் தலையில் தெளிப்பதெல்லாம் வெறும் சடங்கு என்று தன் பழைய கோயிலாரோடு தெருவில் நின்று வாதாடினார். அவருடைய மனைவி ஞானராணி சொறிக்கல்முனைக் கத்தோலிக்கப் பெண். கலியாணத்துக்காக மெதடிஸ்ட் ஆனவள். இப்போது கடலில் முழுகச் சொன்னார்கள். வயிற்றில் பிள்ளை என்று நாள் கடத்திக்கொண்டிருந்தாள்.

எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. பின்னேரம் மூன்று மணிக்கு யூஜினி போனபோது மாஸ்டர் வாசலில் நின்றார். உள்ளே விறாந்தையில் சபைக்காரர் நாலு பேர் முழங்காலில் நின்று செபித்துக்கொண்டிருந்தார்கள்.

"யூஜினிக்கா, உங்கட பையில என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும்," என்றார். "அது வெளிய வரப்படாது. ஒரு சொட்டும் என்ட புள்ளட தலையில படப்படாது."

"புள்ளைக்கு ஏதும் நடந்தா மாஸ்டர்?"

"நடந்தா ஆண்டவர்ட்டப் போகும். பச்சப் புள்ளைக்கு என்ன பாவம்? மனந்திரும்பாதவன்ட தலையில ஊத்தினா அது குளிப்பு. ஞானஸ்நானமில்ல."

"அப்ப பெரியாக்கள்?"

"விசுவாசிச்சு முழுகினவன் பிழைப்பான்."

"உங்கட அப்பா முழுகல்லயே மாஸ்டர். அவருக்குத் தெளிச்சதுதானே?"

மாஸ்டரின் முகம் கறுத்தது. "நீங்க வந்த வேலையப் பாருங்க," என்றார்.

யூஜினி உள்ளே போனாள். பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா ஏற்கெனவே கட்டிலடியில் நின்றாள். கையில் ஒரு கிளாஸ் தண்ணீர். பேறு நோகிற வீட்டுக்குப் பள்ளிவாசல் லெவ்வையிடம் ஓதி வாங்கிய தண்ணீர் கொண்டு போவது அவளுக்கு வழக்கம். எந்த வேதக்கார வீடு என்று பார்ப்பதில்லை.

"இந்தா கிளி, மூணு முடறு குடி. லேசாப் பெத்துருவாய். லெவ்வை நல்லா ஓதித்தான் தந்தார்."

ஞானராணி ஒரு முடறு குடித்தாள். மீதியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ஆயிஷா உம்மா பின்கதவால் வெளியேறினாள்.

ஐந்து மணிக்குப் பிள்ளை விழுந்தது. பெண். நீலம் பாரித்திருந்தது. யூஜினி வாயைத் துடைத்தாள், காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினாள், முதுகைத் தேய்த்தாள். சத்தமில்லை. வெளியே செபம் உரத்துக்கொண்டு போயிற்று. அவள் கதவை விரலளவு திறந்து, "மாஸ்டர், புள்ள நிக்காது போல," என்றாள். பதிலுக்குச் செபம் இன்னும் உரத்தது.

"அக்கா," ஞானராணி அவள் சீலைத் தலைப்பைப் பிடித்தாள். "ஊத்துங்கக்கா. உங்கட புள்ளைக்கு நடந்தது என்ட புள்ளைக்கு வேணாம். அவருக்குச் சொல்ல வேணாம். ஊத்துங்க."

யூஜினி பைக்குள் கைவிட்டாள். குப்பி லேசாக வந்தது. போன கிழமை வேறொரு வீட்டில் ஊற்றி முடித்ததும் நிரப்ப மறந்துபோனதும் அப்போதுதான் நினைவு வந்தது. கட்டிலடிச் சட்டியில் இருந்தது இரத்தம் கலந்த தண்ணீர்; நல்ல தண்ணீர்க் குடத்துக்குப் போவதென்றால் விறாந்தையில் முழங்காலில் நிற்பவர்களைத் தாண்ட வேண்டும். ஜன்னலில் கிளாஸ் இருந்தது.

அவள் எடுத்தாள். மூன்று முறை ஊற்றினாள். "திரேசா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." சொல்லி முடியவில்லை. பிள்ளை உடம்பை வெட்டி இழுத்து, தும்மி, கீச்சென்று கத்தியது.

வெளியே அல்லேலூயா என்று நாலு குரல் எழும்பியது.

மறுநாள் யூஜினி சுவாமியிடம் போனாள். நடந்ததைச் சொல்லி, ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுத வேண்டுமா என்று கேட்டாள்.

"தாய் புள்ளையக் கொண்டு வரட்டும். எழுதுவம்," என்றார் சுவாமி.

"லெவ்வை ஓதின தண்ணி சுவாமி. அது செல்லுமா?"

"மழைத் தண்ணியும் செல்லும், கடல் தண்ணியும் செல்லும். சொல்ற சொல்லும் மனசில உள்ள கருத்தும்தான் முக்கியம்." அவள் முகத்தைப் பார்த்து, ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்று சேர்த்தார். "நீ ஊத்தாட்டியும் கடவுள் அந்தப் புள்ளையக் கைவிட்டிருக்கமாட்டார், யூஜினி."

"அப்ப என்ட புள்ளைய ஏன் சுவாமி வெளிய வெச்சீங்க?"

சுவாமி மேசையிலிருந்த பேனையை எடுத்து மூடித் திறந்தார்.

போகிற வழியில் ஆயிஷா உம்மாவைக் கண்டாள். பிள்ளை சுகமா என்று கேட்ட மனுசிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "உங்கட தண்ணிதான் உம்மா உதவிச்சு. புள்ளட தலையில அதத்தான் ஊத்தினன்." சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவள் செய்த பிழை இதுதான். ஆயிஷா உம்மாவுக்கு அந்தச் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கல்முனைக்குடி முழுக்கத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் மாஸ்டர் சீனி வாங்கப் போனார். கடைக்கார மீராசா தராசைத் தூக்கிக்கொண்டே கேட்டார்: "என்ன மாஸ்டர், உங்கட சபைல செபம் பண்ணிப் புள்ள பிழைச்சதெண்டு சொல்றீங்க. எங்கட லெவ்வைட தண்ணிய யூஜினி தலையில ஊத்தினாப் பொறகுதானாமே புள்ள கத்தினது? லெவ்வைக்கும் ஒரு சாரன் எடுத்துக் குடுங்க." கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மாஸ்டர் சீனியை வாங்காமல் நேரே யூஜினியின் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"நாளைக்குச் சபையில நான் சாட்சி சொல்லப்போறன். நீங்க வரணும். வந்து எல்லாருக்கும் முன்னால சொல்லணும், தண்ணி ஊத்தினீங்களா இல்லையா எண்டு."

"ஞானராணியக் கேட்டயளா?"

"இல்லையெண்டு சொல்றாள். அழுறாள். அவள்ட வாய நான் நம்பல்ல, உங்கட வாய நம்புவன். நீங்க பொய் சொல்றவ இல்லையெண்டு ஊருக்கே தெரியும்." அவர் குரல் தணிந்தது. தணிந்த குரல்தான் அவளைப் பயப்படுத்தியது. "ஊத்தினதெண்டா அவள் எனக்கு மறைச்சிருக்காள். மறைச்சவள் என்ட வீட்டில இல்ல. நாளைக்கே சொறிக்கல்முனைக்கு அனுப்பிருவன். புள்ள இஞ்ச நிக்கும். தங்கச்சி வளப்பாள்."

அன்று யூஜினி சோறு ஆக்கவில்லை. ஊற்றவில்லை என்று சொன்னால், தான் கொடுத்த ஞானஸ்நானத்தைத் தானே இல்லையென்று சொல்வதாகும். கோயிலில் அதைவிடப் பெரிய பொய் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊற்றினேன் என்று சொன்னால் பால் குடிக்கிற பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்த கை அவளுடையதாகும். அந்தக் கையை அவள் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு காலை பூசைக்குப் போகாமல் சபைக்குப் போனாள். கொட்டிலில் புதுக் கிடுகின் வாசம். பாயில் ஐம்பது பேர். பெண்கள் பக்கத்தில், ஓரமாக, ஞானராணி. மடியில் பிள்ளை. நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாஸ்டர் வேதப்புத்தகத்தை நீட்டினார். "இதில கை வச்சுச் சொல்லுங்கக்கா."

பாஸ்டர் தடுத்தார். "சத்தியம் பண்ணக்கூடாது சகோதரன். ஆமெண்டா ஆமெண்டு, இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லட்டும். காணும்."

சத்தியம் என்றால், செய்யமாட்டேன் என்று விலக ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். யூஜினி பாயின் நடுவே தனியாக நின்றாள்.

"யூஜினிக்கா," மாஸ்டர் கேட்டார். "என்ட புள்ளட தலையில தண்ணி ஊத்தினீங்களா?"

பிள்ளை பால் குடிக்கிற சத்தம் கேட்டது. ஞானராணியின் கை பிள்ளையின் தலையை மூடியிருந்தது, ஈரம் இன்னும் காயாததைப்போல.

"இல்ல," என்றாள் யூஜினி.

"அப்ப ஆயிஷா உம்மாட கிளாஸ்?"

"என்ட கை தட்டிக் கொட்டிப்போச்சு."

கொட்டில் அதிர்ந்தது. அல்லேலூயா, அல்லேலூயா. மாஸ்டர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுதபடியே வந்து அவளைக் கும்பிட்டார். யூஜினி திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

பொழுதுபடுவதற்குள் ஆயிஷா உம்மா வந்துவிட்டாள். "என்னகா யூஜினி, ஊருக்கு முன்னால என்னப் பொய்க்காரி ஆக்கிப்போட்டாய்!"

யூஜினி அவளை உள்ளே இருத்தி எல்லாவற்றையும் சொன்னாள். ஆயிஷா உம்மா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அல்லாவே! இந்த வாய்தான் கெடுத்திருக்கு. இனி ஆரும் கேட்டா, இந்தக் கெழவிக்குத்தான் மூளை குழம்பிட்டெண்டு சொல்லிருவன்." பிறகு கேட்டாள்: "உங்கட வேதத்தில இது பெரிய பாவமா?"

"ஓம்."

"தீக்க வழியில்லையா?"

"சுவாமியிட்டச் சொல்லணும். செஞ்சது பிழையெண்டு மனசார நினைச்சுச் சொல்லணும்."

"நினைக்கிறயா?"

யூஜினி எழும்பி விளக்கைத் துடைக்கப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவள் பூசையில் நன்மை அப்பம் வாங்கவில்லை. பூசைக்குப் போவாள், கடைசி வாங்குப் பலகையில் இருப்பாள், மற்றவர்கள் எழும்பிப் போகும்போது முழங்காலில் நிற்பாள். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் பக்கம் போகவில்லை. சுவாமி இரண்டு முறை ஏன் என்று கேட்டார். பிறகு அவருக்கு மாற்றல் வந்தது. ஆனால் பையில் குப்பி இருந்தது. இப்போது அதை வாரம் தவறாமல் நிரப்பினாள். இன்னும் நாலு பிள்ளைகளுக்கு ஊற்றினாள். தனக்கு நிச்சயமில்லாத இடத்துக்கு அவர்களை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஞானராணி கடலில் முழுகினாள். பிள்ளைக்குச் சபையில் கிருபா என்று பெயர் வைத்தார்கள். தெருவில் கண்டால் ஞானராணி தலையைக் குனிந்துகொள்வாள். பிள்ளை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்க்கும். யூஜினி அதை ஒருநாளும் கூப்பிடவில்லை.

எண்பத்தாறில் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. முந்தின வருஷத் தமிழ்-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு முஸ்லிம் பக்கத்தார் தமிழ்ப் பக்கம் வருவது குறைவு. ஆயிஷா உம்மா மட்டும் மகனின் சைக்கிளில் பின்னால் இருந்து வந்து கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அதே சுவாமி மீண்டும் கல்முனைக்கு வந்திருந்தார், தாடியில் இரண்டொரு நரையோடு. சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழோடு வந்து கட்டிலடியில் கதிரையை இழுத்துப் போட்டார்.

அவள் பாவங்களைச் சொன்னாள். கோபம், பூசைக்குப் போகாத நாட்கள், ஒரு முறை ஒரு வீட்டில் அரிசி கூடக் கேட்டு வாங்கியது.

"வேற?"

"இருக்கு சுவாமி. ஒரு பொய்." அவள் அதையும் சொன்னாள், கொட்டிலும் பாயும் பிள்ளையின் தலையை மூடிய கையுமாக.

சுவாமி நீண்ட மூச்சு விட்டார். "ஏழு வருஷம் இதுக்காகவா? அப்பவே சொல்லியிருக்கலாமே. சரி, செஞ்சது பிழையெண்டு மனஸ்தாபப்படு. ஒரு சொல் காணும்."

"அதுதான் இல்ல சுவாமி."

"என்ன இல்ல?"

"மனஸ்தாபம். நாளைக்கு வந்து மாஸ்டர் கேட்டாலும் அதத்தான் சொல்லுவன். இப்ப மனஸ்தாபமெண்டு உங்களிட்டச் சொன்னா அது இன்னொரு பொய்."

வெளியே ஆயிஷா உம்மா கஞ்சிப் பானையை இறக்கும் சத்தம் கேட்டது. சுவாமி சிமிழைத் திறந்தார், மூடினார். மனஸ்தாபம் இல்லாதவளுக்கு மன்னிப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை என்ற சட்டம் அவருக்கு மனப்பாடம். அவளுக்கும் மனப்பாடம். இரண்டு பேரும் அதைத் தெரிந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணில் கெஞ்சல் இல்லை. பயம் இருந்தது.

சுவாமி பெருவிரலை எண்ணெயில் தொட்டார்.

"மிச்சத்த நீ கடவுளோட நேரில கதைச்சுக்கொள், யூஜினி," என்று சொல்லி அவள் நெற்றியில் வைத்தார்.