ஏரிக்கரையில் கை நனைத்த கதை

சம்பந்தம் முடிவாகும் வரை பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்து சோறு சாப்பிடும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. காபி குடிக்கலாம், மிக்சர் கொறிக்கலாம். சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. இதில் பெரியப்பாவை யாராலும் அசைக்க முடியாது. அரசாங்க அலுவலகத்தில் விதிகளைப் புரட்டியே தலை நரைத்தவர் அவர்.

அத்தை தன்னோடு பேங்கில் வேலை பார்த்த மங்களூர்க்காரரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னபோது எனக்கு எட்டு வயது. ஜோகுபாளையத்து வீட்டில் அப்புறம் கொஞ்ச நாள் யாரும் சத்தமாகவே பேசவில்லை. நினைவு தெரியும் முன்பே அம்மாவைப் பறிகொடுத்தவள் அத்தை. மூத்த அண்ணனான பெரியப்பாதான் அவளுக்குத் தலை பின்னிவிட்டு, படிக்க வைத்து ஆளாக்கினார். அவர் வேண்டாம் என்றால் அவள் கட்டிக்கொள்ள மாட்டாள். அவரோ சரி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா ஊரிலிருந்து வந்தார். அல்சூர் ஏரியைப் பார்த்த மாதிரி இருந்த ஒரு மங்களூர் மீன் ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பத்தோடு சந்திப்பதாக ஏற்பாடு. கிளம்பும்போதே பெரியப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"ஹோட்டல்ல ஸ்பூன்ல சாப்பிட்டா அது கை நனைச்ச கணக்கு இல்ல."

ஜன்னலோர மேசை கிடைத்தது. கீழே தண்ணீர் வெயிலில் மினுங்கியது, படகுகள் போய்வந்தன. பேச வேறு விஷயம் கிடைக்காமல் பெரியவர்கள் ஏரியை மாற்றி மாற்றிப் புகழ்ந்தார்கள். தினமும் அதே ஏரியை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறவர்கள்தான் எங்கள் வீட்டார் எல்லாரும்.

மீன் வந்ததும் எனக்கு யாரும் கண்ணில் படவில்லை. ராத்திரி பஸ்ஸில் மங்களூரிலிருந்து வந்த காணே மீன், ரவை பூசி மொறுமொறுவென்று வறுத்தது. தேங்காய் அரைத்த சிவப்புக் குழம்பு, ஆவி பறக்கும் சோறு. அப்படியொரு மீனை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. பெரியப்பா மட்டும் ஸ்பூனை வைத்துக்கொண்டு மீனைத் தட்டு முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "கையல்லே தின்னி சார், முள்ளு ஜாஸ்தி," என்று கையால் சாப்பிடச் சொன்னார்.

"பர்வாகில்லா," என்றார் பெரியப்பா, கன்னடத்திலேயே விறைப்பாக.

அந்த அம்மாள் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. இன்னொரு மீனை எடுத்து, நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவிவிட்டு, சதையை அத்தையின் தட்டில் வைத்தார். பேசிக்கொண்டே, கவனிக்காமல் செய்கிற வேலை போல அவர் கை அதைச் செய்தது. அத்தை குனிந்த தலை நிமிரவில்லை. பெரியப்பாவின் ஸ்பூன் அப்படியே நின்றதைப் பார்த்தேன். அவருக்கு மீன் பிடிக்கவில்லை போலிருக்கிறது, கேட்டால் எனக்குத் தந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

அந்த அவசரத்தில்தான் முள் தொண்டையில் மாட்டியது. நான் இருமிய இருமலில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "வெறும் சோறு, வெறும் சோறு," என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பெரிய சோற்று உருண்டை ஒன்று என் வாய்க்குள் வந்தது. "மெல்லாத, அப்படியே முழுங்கு." முழுங்கினேன். முள் இறங்கிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். எல்லாரும் பெரியப்பாவின் சோறு ஒட்டிய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கை கழுவ எழவில்லை. தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஸ்பூனை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். அத்தை அழுதுகொண்டிருந்தாள்.

"முள்ளு போயிடுச்சு அத்தை, அழாதே," என்றேன்.

என் தொண்டையில் மாட்டிய முள்தான் அத்தைக்குக் கல்யாணம் செய்துவைத்தது என்று ஸ்கூலில் வெகுநாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன். போன மாதம் என் மகளுக்கு முள் மாட்டி, நான் அவசரமாகச் சோறு உருட்டியபோதுதான் அன்றைக்கு என் அம்மா எங்கே இருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது. என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். சோற்றை உருட்டி என் வாய்க்கருகே கொண்டுவந்தும் விட்டாள். பெரியப்பா மேசையின் அந்தக் கோடியிலிருந்து எழுந்து, சுற்றிக்கொண்டு வந்து, "நீ இரும்மா," என்று அவளைத் தடுத்துவிட்டுத் தன் கையால் ஊட்டினார். விதியை விட்டுக்கொடுக்க அந்த மனுஷன் ஒரு சாக்குக்காக எவ்வளவு தவித்திருந்தார் என்பது எட்டு வயதில் எனக்கு எங்கே புரியும்!