வாயைப் பிடுங்கிய டாக்டர்

அறுபதுகளின் தொடக்கம். விழுப்புரம் லோகோ ஷெட்டில் நான் பயர்மேன். நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. குனிந்து நிமிர்ந்தால்தான் சோறு. அந்த இடுப்புதான் ஒருநாள் பிடித்துக்கொண்டது, மாதக்கணக்காகியும் விடவில்லை. சிக் லீவு தீர்ந்துகொண்டே வந்தது. ரயில்வே டாக்டர் 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் எஞ்சின் ஏறுகிற வேலை போய்விடும்.

தைலம், ஒத்தடம், உள்ளூர் டாக்டரின் ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் திண்டிவனத்தில் யாரோ ஒரு டாக்டர் இருக்கிறார் என்று என் மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த மனுஷர் முதுகைத் தட்டினார், காலைத் தூக்கிப் பார்த்தார். அவ்வளவுதான். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். தூக்கம் எப்படி, ஷெட்டில் போர்மேன் எப்படி, எதை நினைத்தால் பயம்? எனக்கு உறுத்தியது. இடுப்பு வலிக்கும் போர்மேனுக்கும் என்னய்யா சம்பந்தம்? ஆள் வாயைப் பிடுங்குகிறார், இங்கே சொல்வதெல்லாம் நேரே ஷெட்டுக்குப் போகப்போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். நான் எப்போதுமே அப்படித்தான். பால்காரர் சிரித்தால்கூட இன்றைக்குத் தண்ணீர் ஜாஸ்தியோ என்று பார்ப்பேன்.

எதைக் கேட்டாலும் "நல்லாத்தாங்க இருக்கேன்" என்றேன். நல்லா இருக்கிறவன் ஏன் பஸ் ஏறி வந்தான் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வாரமும் வரச் சொன்னார். ஊசி போடாதவனெல்லாம் ஒரு டாக்டரா என்று மயிலம் தாண்டும்வரை பஸ்ஸில் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன்.

அவள் விடவில்லை. மறுவாரமும் போனோம். "குனிஞ்சா என்ன ஆவும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டர். "ஒண்ணும் ஆவாதுங்க" என்றேன். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கீழ வுழுந்த துண்டக்கூட எடுக்க மாட்டாருங்க. எல்லாத்துக்கும் என்னையே கூப்ட்டுக்கினு இருப்பாரு. முன்னாடி பார்த்த டாக்டரு ரிஸ்குன்னு சொல்லிட்டாராம். குனிஞ்சா இடுப்பு ஒடிஞ்சி படுத்த படுக்கையா ஆயிடுவாராம்!"

மானம் கப்பலேறியது. வேலைக்கும் இவளே உலை வைத்துவிட்டாளே என்று பல்லைக் கடித்தேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ரிஸ்குன்னாரா, டிஸ்குன்னாரா?"

எது என்று எனக்கே நிச்சயமில்லை. முதல் டாக்டர் கம்பவுண்டரிடம் இங்கிலீஷில் பேசியதில் என் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான். மீதியை நானே கட்டிக்கொண்டேன்.

"டிஸ்குன்னா முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற மெத்தைங்க. எனக்கும் இருக்குது, உங்க வீட்டம்மாவுக்கும் இருக்குது. உங்க வலி நெசம்தான். ஆனா குனிஞ்சா ஒடியாது."

நம்பினேனா? எங்கே! அவர் என் துண்டை எடுத்துக் கீழே போட்டு, எடுங்கள் என்றார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குனிந்தேன். வலித்தது, ஒடியவில்லை. நிமிர்ந்தபோது அழுகை வந்துவிட்டது. நான் படுத்துவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகள் யாரிடம் போய் நிற்பார்கள் என்று அத்தனை மாதமும் உள்ளே போட்டுப் புழுங்கியதையெல்லாம் அன்றைக்குத்தான் கொட்டினேன். ஒரு வார்த்தைகூட ஷெட்டுக்குப் போகவில்லை.

வலி ஒரேயடியாக ஓடிவிடவில்லை. வாராவாரம் போய்ப் பேசிவிட்டு வந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. லீவு தீர்வதற்குள் மறுபடியும் கரி அள்ளப் போய்விட்டேன்.

இன்றைக்கும் எந்த டாக்டராவது வீட்டு விஷயம் விசாரித்தால் முதலில் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. ஆனாலும் யாரிடமும் சொல்லாத ஒரு பயம் ஒரு மனுஷனை எப்படிக் குனியவிடாமல் பிடித்து வைக்கும் என்று தெரிந்துவிட்டதால், கேட்டதற்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.