பாதிப் பந்தியில் எழக்கூடாது

நார்வேயில் என் மகள் மதி போகும் மழலையர் பள்ளியில், பிள்ளை மிச்சம் வைத்த சாப்பாட்டை அப்படியே டப்பாவில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாதி கடித்த ரொட்டி, பல் தடம் பதிந்த வெள்ளரித் துண்டு, வியர்த்துப்போன பாலாடைக்கட்டி. "இன்றைக்கு இரண்டு வாய்தான் சாப்பிட்டாள், நன்றாக விளையாடினாள்" என்று ஆசிரியை ஹில்டே சிரித்துக்கொண்டே சொல்வார். இரண்டே வாய் தின்ற பிள்ளையைப் பற்றி ஒருவர் சிரித்தபடி பேசுவது, வந்த புதிதில் எனக்குக் குமட்டலாக இருந்தது. அந்த மிச்சத்தைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. சமையலறையில் நின்றபடியே தின்பேன். பிறகு குளியலறைக்குள் போய், சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, எல்லாவற்றையும் வாந்தியெடுப்பேன். நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை தினமும் செய்கிற காரியம் இது. எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது. வாசிக்கிற உங்களுக்கும் இருந்தால் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பல் மருத்துவர் பாதி கண்டுபிடித்துவிட்டார். மேல்வரிசைப் பற்களின் உட்புறம் அமிலம் பட்டு அரித்திருக்கிறதாம். புளிப்பாக என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். "எங்கள் ஊரில் புளிக்குழம்பு உண்டு" என்று அவசரமாக ஒரு பதிலை எடுத்துவிட்டேன். வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறையுங்கள் என்று அக்கறையோடு எழுதிக்கொடுத்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம், புளி மாட்டிக்கொண்டது. சிறுவயதில் பட்டினி கிடந்தீர்களா என்றும் கேட்டார். இந்தியா என்றதும் அவர் மனதில் பஞ்சம் வந்து நின்றிருக்க வேண்டும். "இல்லை, நிறையச் சாப்பாடு இருந்தது" என்றேன். அது சத்தியமான பேச்சு.

அப்பாவுக்கு விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் ஷிப்ட் வேலை. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, காலையில் தலை வாரிவிட்ட அம்மா சாயங்காலம் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திருநெல்வேலி டவுணில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, என்னைக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சோறு. நான் வாயை மூடினால் மூக்கைப் பிடிப்பாள். சோறு இறங்கியதா என்று பார்த்தார்களே ஒழிய, பிள்ளை ஏன் தின்ன மாட்டேன் என்கிறான் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் சொதி. தேங்காய்ப்பாலில் காய்கறி வெந்த குழம்பு, கூடவே இஞ்சித் துவையல். பெயரைச் சொன்னாலே வெளிநாட்டு நெல்லைக்காரர்கள் உருகிப்போவார்கள். பந்தியில் உட்கார்ந்தவர் பாதியில் எழக்கூடாது, மற்றவர்களுக்கு அவமரியாதை. மூன்றாவது கவளத்திலேயே எனக்கு வயிறு புரட்டியது. எழப்போனவனை அத்தை தொடையில் கிள்ளி உட்காரவைத்தாள். இலையிலேயே வாந்தியெடுத்துவிட்டேன்.

"ஏலே, சம்பந்தக்காரங்க முன்னால மானத்தை வாங்குதியே! கக்கினதைத் தின்னு. அப்பத்தான் இனிமே கக்க மாட்டே."

பின்கழுத்தைப் பிடித்து அழுத்தினாள். தின்றேன். கடைசிப் பருக்கைவரை தின்றேன். எதிர்வரிசையில் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தனக்கு இன்னொரு அப்பளம் கேட்டார். "விடுங்கம்மா, பச்சப்பிள்ளை" என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. அத்தையைவிட அந்த அப்பளக்காரரை நினைத்தால்தான் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அதன்பிறகு யார் முன்னாலும் நான் இலையை வழித்துத் தின்னப் பழகினேன். தனியாகப் போய் வெளியேற்றவும் பழகினேன்.

போன மாதம் வீடியோவில் மதியைப் பார்த்து அத்தை பதறினாள். "என்னலே, பிள்ளை குச்சி மாதிரி இருக்கு? லீவுக்கு வரும்போது ஒரு மாசம் இங்கன விட்டுட்டுப் போ. நான் திங்க வைக்கேன். உன்னையே திங்க வச்சவ நான்லா!"

"சரி அத்தே" என்றேன். சொன்ன வாயைக் கிழிக்க வேண்டும்.

ஊருக்குப் போகும் முன் பிள்ளைக்குக் கொஞ்சம் சதை போட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தயிர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாயில் மதி உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டி "ஸ்டொப்!" என்றாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்தது. அந்தச் சொல்லைக் கேட்டால் எதிரில் இருப்பவர் நிறுத்தியாக வேண்டும் என்பது அங்கே விதி. நான் நிறுத்தவில்லை. அடுத்த கவளத்தைத் திணித்தேன். தட்டிலேயே வாந்தியெடுத்தாள்.

"கக்கினதைத் தின்னு" என்றேன்.

என் குரல்தான். என் இடது கை அவள் பின்கழுத்தில் இருந்தது. மனைவி மீனா ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. மதி தூங்கி எழுவதற்குள் மீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பந்தியில் தொடங்கிக் குழாய்ச் சத்தம்வரை.

"நாளைக்கு டாக்டரைப் பாருங்க. இப்பவே அத்தைக்குப் போன் போடுங்க" என்றாள்.

போட்டேன். "மதியை அங்கன விட மாட்டேன் அத்தே."

"ஏன்லே? நான் என்ன பிள்ளை பிடிக்கவளா?"

பந்தியில் நடந்ததைச் சொன்னேன். அத்தை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்படியா செஞ்சேன்? எனக்கு ஞாபகமே இல்லையேல. உங்கம்மை போன பொறவு நீ ஒண்ணும் திங்காமக் கெடந்தே. நீயும் போயிருவியோன்னு ராவெல்லாம் பயந்து கெடந்தேன்." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி, பிள்ளையை விட வேண்டாம். நீ மட்டுமாவது வந்து உக்காரு. சொதி வைக்கேன். உனக்குன்னா உசுருல்லா, இலையை வழிச்சுல்லா திம்பே."

ஓஸ்லோவில் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். வயிறு புரட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதே நேரத்தில் என் நாக்கில் எச்சில் ஊறியது. விழுங்கவும் மனமில்லை, துப்பவும் மனமில்லை. "ஏலே, லைன்ல இருக்கியா?" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். என் வாய் நிறைய எச்சில்.