சோம்ப்ரா என்றால் நிழல்

கரிந்த வெல்லத்தோடு கசப்பு கலந்தாற்போல ஒரு வாடை, தென்னமெரிக்காவிலிருந்து தோல் பதனிடும் மரச்சாறு கட்டிகட்டியாக வந்த பெட்டிகளில் இருக்கும். ஆம்பூரில் ஒரு டேனரியில் குமாஸ்தாவாக இருந்த சித்தப்பா, காலிப் பெட்டிகளை அடுப்பெரிக்க வீட்டுக்குக் கொண்டுவருவார். தகப்பனில்லாத எனக்கும் அம்மாவுக்கும் அவர் வீடுதான் வீடு. பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஸ்பானிஷ் பத்திரிகைத் தாள்களை, பலகை அடுப்புக்குப் போவதற்குள் நான் உரித்தெடுத்துவிடுவேன். குட்டை வரிகளாக இருந்தால் கவிதை. அந்த மட்டுக்கும் எனக்குத் தெரியும்.

சொற்களைக் கற்றது சரக்கோடு வரும் செய்முறைத் தாளிலிருந்து. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் ஸ்பானிஷ். மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, ‘ஆகுவா’ என்றால் தண்ணீர், ‘பியெல்’ என்றால் தோல், ‘சோம்ப்ரா’ என்றால் நிழல் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பத்திருபது சொற்களோடு கவிதைக்குள் போவேன். தண்ணீர், ஏதோ, ஏதோ, நிழல், ஏதோ, தோல் என்று வரும். அந்த ‘ஏதோ’க்களை நானே தமிழில் நிரப்பிக்கொள்வேன். ஆட்டுத்தோலுக்காகவா இப்படி உருகுகிறார்கள் என்று முதலில் வியந்ததும் உண்டு.

பன்னிரண்டு வயதில், அந்த நோட்டில் நான் பார்த்தெழுதிய ஒரு கவிதை சித்தப்பா கண்ணில் பட்டது.

“இன்னாடி இது, எவனுக்குக் காயிதம்?”

பாட்டு என்றேன்.

“பாட்டா? யாருக்குக் காது குத்துறே? உன்னைப் படிக்க வெச்சது ஜாஸ்தியாப் போச்சு” என்று நோட்டை அடுப்பில் செருகினார். மறுநாளே பள்ளியும் நின்றது. அம்மா என் பள்ளிப் பையை உதறிக் காய்கறி வாங்க எடுத்துக்கொண்டாள்.

அடுத்த சித்திரையில் வேறொரு கம்பெனிச் சரக்கு வந்தது. தாளில் ஸ்பானிஷ் மட்டும். “இன்னா எழவு பாஷையோ” என்று சித்தப்பா கூடத்தில் முனகிக்கொண்டிருந்தார். காப்பி கொண்டுபோன நான் பார்த்தேன்; முதல் வரியிலேயே இருந்தது, சோம்ப்ரா. லோட்டாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பழைய சரக்கைப் போலவே இதையும் வெயிலில் அடுக்கச் சொன்னார். இரண்டே நாளில் கட்டியெல்லாம் உருகிக் கறுப்புப் பாகாக மண்ணில் ஓடியது. முதலாளி சாயபு அத்தனை பேர் முன்னால் அவரைக் கிழித்ததை அடுத்த வீட்டுப் பாத்திமா வந்து சொன்னாள்: “உங்க சித்தப்பா மூஞ்சியும் அந்தப் பாகு மாதிரியே வழிஞ்சுதாம்டி!” இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஆனால் அடுக்கிய மேஸ்திரி காதர் பாய்க்கு வேலையே போயிற்று. அவரை நினைத்தால் மட்டும் மனம் குறுகுகிறது. சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருந்தால் சித்தப்பா மறுபடி பள்ளிக்கு அனுப்பியிருப்பாரோ? அந்த அடுப்பு நினைவுக்கு வந்தால், இல்லை, இன்றைக்கும் லோட்டாவை வைத்துவிட்டுத்தான் வருவேன்.

இப்போது கல்யாணமாகித் தனி வீட்டில் இருக்கிறேன்; அந்தப் பெட்டிகள் வருவதில்லை. தாள்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. என் கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது ‘பியெல், பியெல்’ என்கிறேன். பேச்சு வருவதற்குள் குழப்புகிறேனோ என்ற பயமும் கூடவே வருகிறது. நினைவில் நின்ற சொற்களைப் புது நோட்டில் எழுதி, அடுப்பங்கரைக்குத் தூரமாகப் பூட்டி வைத்திருக்கிறேன்.

சித்தப்பா வரும்போதெல்லாம் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த உருகிய சரக்கின் கதையைச் சொல்வார். “அந்தத் தாள்ல இன்னாதான் எழுதியிருந்துதோ!” என்பார். நான் வெற்றிலை மடித்துக் கொடுப்பேன். இவள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நாள் வரட்டும். அதே மடியில் உட்கார்ந்து, அந்த நோட்டை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள்.